மீசைக்காரர்களுக்கு ஒரு சாக்கு மணல்

தருமபுரியில் ஆற்று மணல் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். நான் வீடு கட்டவில்லை, மீனுக்காகத் தேடினேன். யூனிட் கணக்கு, லோடு கணக்கெல்லாம் இல்லை, ஒரு சிமென்ட் சாக்கில் கால்வாசி வந்தால் போதும். "எத்தன லோடுங்ண்ணா?" என்று கேட்டவரிடம் "பத்து கிலோ" என்றேன். போனை வைத்துவிட்டார்.

அந்தப் பத்து கிலோவுக்குப் பின்னால் இரண்டு மீன்களின் சாவு இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு தொட்டி வாங்கினோம். இரண்டடி நீளம். அடியில் பரப்ப நீல நிறக் கல், நடுவில் குமிழி விட்டு விட்டுத் திறக்கும் பிளாஸ்டிக் புதையல் பெட்டி, டெட்ரா என்ற சின்ன மீன் எட்டு. எல்லாம் எடுத்து முடித்த பிறகு கடைக்காரர், "இதையும் ரெண்டு போட்டுக்குங்க சார், கீழ விழற அழுக்கெல்லாம் தின்னுடும், தொட்டி கழுவற வேலையே இருக்காது" என்று பழுப்பு நிறத்தில் இரண்டு மீனைப் பிடித்துப் பையில் போட்டார். பேர் கேட்டேன். "கோரி" என்றார். வாய்க்கு அருகே சின்னச் சின்ன மீசை, வயிறு தட்டை, முகத்தில் ஒரு பரிதாபம். மகள் பெயர் வைக்கும் அளவுக்குக்கூட அவற்றை மதிக்கவில்லை. டெட்ராக்களுக்கு எட்டுப் பெயர் வைத்திருந்தாள், இரண்டு நாளில் எது எது என்று அவளுக்கே மறந்துபோனது வேறு விஷயம்.

ஆறு வாரம் இருந்தன. வேலைக்காரர்களாகத்தான் வைத்திருந்தோம். மேலே போடும் தீனியை டெட்ராக்கள் ஒரு துகள் விடாமல் பிடித்துக்கொள்ளும், கீழே எதுவும் வந்து சேராது. "அழுக்குத் தின்னும்" என்று சொன்னார்களே, தின்னுகிறது என்று நினைத்துக்கொண்டோம். அவை நாள் முழுக்க நீலக் கல்லுக்கு இடையில் முகத்தைச் செருகிச் செருகி எடுத்தன. மீசை குறைந்துகொண்டே வந்து கடைசியில் முளைக்குச்சி போல நின்றது. வயிறு உள்வாங்கியது. ஒரு நாள் காலையில் ஒன்று, நாலு நாள் கழித்து இன்னொன்று. கடையில் போய்ச் சொன்னால், "அது அப்படித்தான் சார், நிக்காது. வேற ரெண்டு எடுத்துக்கிறீங்களா?" என்றார்.

வேறு இரண்டு எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த "நிக்காது" பிடிக்கவில்லை. பட்டினி போட்டால் எதுதான் நிற்கும்?

அதற்கப்புறம் படித்ததில் தெரிந்தது, இந்த மீன் குடும்பத்துக்கு கோரிடோரஸ் என்று பெயர். கிரேக்கத்தில் தலைக்கவசம் என்ற பொருள் வரும். கெளுத்தி இனம், ஆனால் நம் கெளுத்தி போல வழவழவென்று இருக்காது. இரண்டு பக்கமும் ஓட்டுக் கூரை வேய்ந்த மாதிரி இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். சொந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான், ஓரினோக்கோ பக்கத்துச் சிற்றோடைகள், மணலும் உதிர்ந்த இலையும் கிடக்கும் ஆழமில்லாத நீர். இதில் நூற்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. 2024-ல் ஆய்வாளர்கள் இந்தப் பெரிய கூட்டுக் குடும்பத்தைப் பாகம் பிரித்துத் தனித்தனிப் பேரினங்களாக ஆக்கிவிட்டார்கள். கடைகளில் இன்னும் எல்லாமே கோரிதான், நானும் அப்படியே சொல்கிறேன்.

நம் ஊருக்கு எது ஏற்றது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரும் அழகைப் பார்த்து ஏமாறுவது இதில்தான். கடையில் அதிகம் கிடைப்பது வெண்கல நிறக் கோரி, அதன் வெள்ளை வடிவம்தான் சிவப்புக் கண்ணோடு வரும் அல்பினோ. இரண்டும் கரடுமுரடான தண்ணீரையும் ஓரளவு தாங்கும். உடம்பில் மிளகு தூவியது போல இருக்கும் பெப்பர் கோரி, டார்வின் பீகிள் கப்பலில் போனபோது சேகரித்து வந்த மீன்களில் ஒன்று. 1842-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அது அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துக் குளிர்ந்த நீர்க்காரன். ஓசூர், தளி பக்கம் இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். தருமபுரி மே மாதத்துக்கு அதைக் கொண்டுவந்து வைப்பது பாவம். பாண்டா கோரியும் அதேபோலக் குளிர்ச்சி கேட்கும். வெயில் தாங்குவதில் கெட்டிக்காரன் ஸ்டெர்பை, கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, பக்கத்துடுப்பு ஆரஞ்சு நிறம். விலைதான் கொஞ்சம் கூட. நான் வெண்கலத்தை எடுத்தேன். அழகுக்காக இல்லை. செத்துப்போன இரண்டும் அதே வகை.

இந்த முறை மீன் வாங்குவதற்கு முன்னால் தரையை வாங்கினேன்.

கோரி சாப்பிடும் விதத்தைப் பார்த்தால் தரை ஏன் முக்கியம் என்று புரியும். மணலுக்குள் கண் வரைக்கும் மூக்கை நுழைக்கும். ஒரு வாய் மணலை அள்ளும். உள்ளே இருக்கும் புழு, தீனித்துகள் மட்டும் தொண்டைக்குப் போகும், மணல் செவுள் வழியாக இரண்டு பக்கமும் புகை போலக் கொட்டும். என் அம்மா இதை முதல்முறை பார்த்தபோது, "அயிர மாதிரியே இருக்குதேடா" என்றார். அம்மா சொன்னது சரிதான், அயிரையும் மணலைச் சலித்துத் தின்னும் மீன்தான். இரண்டுக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை, தொழில் மட்டும் ஒன்று. அம்மாவின் அடுத்த கேள்வி குழம்பைப் பற்றியது என்பதால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஆக, இந்த மீனுக்கு மணல் ஒரு தட்டு. கூரான கல்லைப் பரப்பி வைத்தால் உடைந்த கண்ணாடியில் சோறு போட்ட மாதிரி. மீசை தேய்வதற்குக் கல்லின் கூர்மை மட்டும் காரணமில்லை என்பதையும் பிறகு கற்றுக்கொண்டேன். பெரிய கற்களுக்கு நடுவே தீனியும் கழிவும் இறங்கி அழுகும், மீசை நாள் முழுக்க அந்த அழுகலிலேயே கிடக்கும், கிருமி தொற்றும். சரளைக் கல் தொட்டியில் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

சரி, மணல். இங்கே தெருவுக்குத் தெரு கிடப்பது எம்-சாண்ட். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டும் பாறை மாவட்டங்கள், கல்லை உடைத்து அரைத்து மணலாக்குகிறார்கள். கட்டடத்துக்கு அது நல்ல பொருளாக இருக்கலாம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று குத்தும். ஆற்று மணல் அப்படியில்லை, தண்ணீர் உருட்டி உருட்டி முனை மழுங்கியிருக்கும். மீன் கடையில் பாக்கெட் மணல் விற்கிறார்கள், கேட்ட விலைக்கு ஒரு மாதத் தீனி வாங்கலாம்.

கடைசியில் மணல் என் சித்தப்பா வீட்டில் கிடைத்தது. பென்னாகரம் பக்கம் கிராமம். பல வருடத்துக்கு முன்னால் மாடி கட்டியபோது மிஞ்சிய குவியல், வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் புல் முளைத்துக் கிடந்தது. பூனைகள் அதை எதற்குப் பயன்படுத்தி வந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. மேல்பாகத்தை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து தோண்டினேன். சித்தி சல்லடை எடுத்து வந்து, "மாவு சலிக்கறதுங்கிறதால திரும்பக் குடுத்துடாத, நீயே வெச்சுக்க" என்று கொடுத்தார். முதலில் கொசுவலைத் துணியில் சலித்துத் தூசியை நீக்கி, அப்புறம் சல்லடையில் கல்லை நீக்கி, பக்கெட்டில் போட்டு அரிசி களைவது போலக் களைந்தேன். முதல் தண்ணீர் டீ நிறம். ஏழாவது தண்ணீர் மோர் நிறம். இருபது முறைக்கு மேல் ஆனது. கடைசியில் ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பார்த்தேன். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரை இன்னும் கடினமாக்கும் என்று அர்த்தம். நுரைக்கவில்லை. ஒரு அண்டாவில் கொதிக்கவிட்டு, வெயிலில் இரண்டு நாள் காயவைத்தேன். பூனை நினைவு போகும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியையும் மாற்றினேன். இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கிட்டத்தட்ட 80 லிட்டர் பிடிக்கும். தரை மீனுக்கு உயரமான தொட்டி வீண், தரைப்பரப்புதான் அதற்கு வீடு. இரண்டு அங்குலத்துக்குக் குறைவாக மணல், ஒரு மூலையில் வேர்க்கட்டை, பின்னால் கொஞ்சம் பாசிச்செடி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஒளிய இடமில்லாத மீன் எப்போதும் ஒளிந்துகொண்டேதான் இருக்கும், ஒளிய இடம் இருந்தால் வெளியே வரும். விசித்திரம், ஆனால் அப்படித்தான்.

இனி தண்ணீர். இதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த மாவட்டத்துக்காரன் சீக்கிரம் நிறுத்த மாட்டான்.

என் அப்பா சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். பல்லில் காவிக் கறை. வெற்றிலை போடாதவர், பீடி தொடாதவர். கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் குடித்தே வளர்ந்த தலைமுறை அது, அதில் ஃபுளோரைடு இருந்தது என்று பின்னால்தான் சொன்னார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. எங்கள் மாவட்டத்தின் பாறைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்ட பிறகுதான் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) குறைப்பு என்ற சொல்லும் உண்டு. அதனால் எங்கள் வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர்: உப்புத்தண்ணி, ஒகேனக்கல் தண்ணி. முதலாவது துணி துவைக்க, இரண்டாவது குடிக்க, சமைக்க.

மீனுக்கு எது? என் மனைவியின் நிலைப்பாடு தெளிவாக இருந்தது. குடிக்கிற தண்ணீர் மீனுக்குக் கிடையாது. நூற்றைம்பது ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி இரண்டிலும் முக்கிக் காட்டினேன். போர்த் தண்ணீர் 1,240, ஒகேனக்கல் தண்ணீர் 350 சுற்றி. "இதுல வெச்சா செத்துடும்" என்றேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல், "நாங்க குடிச்சு வளந்த தண்ணிய மீனுக்கு ஊத்தமாட்டேங்கறான்" என்றார்.

அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. வாரத்துக்கு நாலு குடம் என்று பேசி முடித்தோம்.

வெண்கலக் கோரி பிஹெச் (தண்ணீரின் புளிப்பு, கார அளவு; குறைந்தால் புளிப்பு) 6-லிருந்து 8 வரை ஏற்றுக்கொள்ளும், பண்ணையில் பிறந்தவை இன்னும் பொறுமைசாலிகள். கூடாதது திடீர் மாற்றம். அதை நான் ஒரு மீனைக் கொடுத்துத்தான் கற்றேன், அது கீழே வருகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துக் காற்றுக் குழாயைப் போட்டுவிட்டால் போய்விடும். அவசரம் என்றால் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு இருக்கிறது.

தொட்டி தயாரானதும் மீன் வாங்க ஓடவில்லை. ஐந்து வாரம் வெறும் தண்ணீரை ஓடவிட்டேன். தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு அழுகவிட்டேன். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். ஸ்பாஞ்சில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது கொஞ்சம் சாது. இந்தக் குடித்தனம் நிலைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். பக்கத்து வீட்டு அக்கா தினமும் எட்டிப் பார்த்து, "மீனு எங்கப்பா?" என்பார். "வரும்கா" என்பேன். வெறும் தண்ணீருக்கு லைட் போட்டு உட்கார்ந்து பார்க்கிறவனைப் பற்றித் தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது.

சென்னை கொளத்தூரிலிருந்து வரும் சரக்கில் ஆறு சொல்லி வைத்தேன். கடைக்காரர் (வேறு கடை) "ரெண்டு போதுமே" என்றார். ஆறுதான் வேண்டும் என்றேன். கோரி கூட்டத்து மீன். ஒன்றோ இரண்டோ இருந்தால் மூலையில் ஒடுங்கி நிற்கும், ஆறு சேர்ந்தால் ஆடி மாதத்துக் கூழ் ஊற்றும் இடத்துக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அலையும். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். போகும் வழியில் ஒன்றையொன்று மீசையால் தட்டிக்கொள்ளும். சண்டை கிடையாது. எதையும் கடிக்காது, எதையும் துரத்தாது. இரண்டாம் நாளே மகள் கண்டுபிடித்தாள்: "அப்பா, கண்ணடிக்குதுப்பா!" உண்மைதான். விழியைக் கீழ்ப்பக்கம் சுழற்றும், பார்க்க அசல் கண்ணடிப்பு மாதிரியே இருக்கும்.

முதல் வாரம் என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. திடீரென்று ஒரு மீன் தரையிலிருந்து அம்பு போல மேலே பாய்ந்து, நீர்மட்டத்தைத் தொட்டு, அதே வேகத்தில் கீழே வரும். மூச்சுத்திணறல் என்று நினைத்து ஏர் பம்ப்பைக் கூட்டிவைத்தேன். பிறகு தெரிந்தது, அது காற்றை விழுங்கிவிட்டு வருகிறது. குடலின் பின்பகுதியில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக இருக்கும், விழுங்கிய காற்றின் ஆக்ஸிஜனை அங்கே எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்வழியே விட்டுவிடும். எப்போதாவது ஒருமுறை போனால் இயல்பு. நிமிடத்துக்கு நிமிடம் ஓடினால்தான் தண்ணீரில் ஏதோ கெட்டிருக்கிறது. கோடையில் நாலு மணி நேரம் கரண்ட் போன ஒரு இரவில் டெட்ராக்கள் மேலே வாய் திறந்து தவித்துக்கொண்டிருக்க, இவை ஆறும் முறை வைத்து மேலே போய் வந்துகொண்டிருந்தன. நான் ஒரு சொம்பை வைத்து மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன், கரண்ட் வரும்வரை. கையெல்லாம் வலி.

வெயிலுக்கு நான் செய்வது எளிது. தொட்டி மூடியை எடுத்துவிட்டு, நீர்மட்டத்தில் படும்படி சின்ன மேசை ஃபேன் ஒன்றை வைத்துவிடுவேன். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், மண்பானை குளிர்வதும் இப்படித்தானே. நம் ஊர்க் காற்று வறண்டது என்பதால் இரண்டு மூன்று டிகிரி வரை இறங்குகிறது. 32-ல் நின்றது 29-க்கு வரும். குறைகிற தண்ணீரை அன்றன்று நிரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். ஐஸ் கட்டியை நேரே போடும் வேலை வேண்டாம்.

தீனி விஷயத்தில் பழைய பாவத்துக்குப் பரிகாரமாகவோ என்னவோ, கொஞ்சம் அதிகமாகவே கவனிக்கிறேன். இரவு லைட்டை அணைத்து, டெட்ராக்கள் அடங்கிய பிறகு, மூழ்கும் வில்லைத் தீனி நாலு போடுவேன். இருட்டில் இவர்களுக்கு மீசைதான் கண். வாரத்தில் ஒரு நாள் மண்புழு, எருக்குழியிலிருந்து எடுத்துக் கழுவிப் பொடியாக நறுக்கியது. நறுக்குவதற்குத் தனிக் கத்தி, தனிப் பலகை. இதில் வீட்டுக்குள் சமரசம் கிடையாது. மழைக்காலத்தில் மொட்டைமாடி வாளியில் கொசுப்புழு தானாகவே வரும். ஒருமுறை அதை நான் வடிகட்டிக்கொண்டிருந்தபோது டெங்கு ஒழிப்புக்காரர்கள் வீடு பார்க்க வந்துவிட்டார்கள். "மீனுக்குங்க" என்றேன். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

"வெளிநாட்டு மீன் எதுக்கு, நம்ம கெளுத்தியையே வளக்கலாமே" என்று என் மாமா பையன் கேட்டான். கேட்டதோடு நிற்காமல் கிருஷ்ணகிரி அணைப் பக்கத்திலிருந்து விரல் நீளத்தில் ஒன்றைப் பாட்டிலில் கொண்டுவந்தான். அழகான மீன், வெள்ளிபோல உடம்பு, இவற்றைவிட நீள மீசை. பழைய இரண்டடித் தொட்டியில் கப்பி என்ற குட்டி மீன்களோடு விட்டோம். காலையில் கப்பிகளைக் காணோம், கெளுத்தி மட்டும் உப்பிய வயிற்றோடு நின்றது. அதைத் திரும்ப எடுத்த இடத்திலேயே விட்டுவரச் சொன்னேன். உள்ளூர் மீன் என்பதால் அது சரி. கடையில் வாங்கிய மீனை மட்டும் எந்த ஏரியிலும் விட்டுவிடாதீர்கள். "டேங்க் கிளீனர்" என்று விற்கிறார்களே சக்கர் மீன், முழங்கை நீளம் வளர்ந்ததும் தொட்டியில் இடமில்லை என்று கொண்டுபோய்விட்ட புண்ணியவான்களால் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. மீனவர் வலையைக் கிழிக்கிறது, தின்ன ஆளில்லை.

இனி அந்த ஒரு மீனின் கதை. ஒரு தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா அன்பானவர், தீனி போடச் சொல்லியிருந்தோம், நாங்கள் சொன்ன அளவு அவருக்குக் கஞ்சத்தனமாகப் பட்டிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. குடத்தில் ஒகேனக்கல் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை. பயணக் களைப்பு, அவசரம். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு மாடிக் குழாயைத் திறந்து போர்த் தண்ணீரை நிரப்பிவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில் எல்லா மீனும் மேலே. ஆறில் ஒன்று கட்டைக்குப் பின்னால் சரிந்து கிடந்தது.

அழுக்கை எடுத்துப் புதுத் தண்ணீர் விட்ட பிறகு ஏன் செத்தது என்று எனக்கு விளங்கவேயில்லை. விஷயம் இதுதான். கவனிக்காமல் விட்ட தொட்டியில் தண்ணீர் மெல்லப் புளித்துக்கொண்டே வரும், பிஹெச் இறங்கும். அந்தப் புளிப்பில் அம்மோனியா, அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் அடங்கிக் கிடக்கும். எங்கள் போர்த் தண்ணீர் பிஹெச் 8-க்கு மேல். அதைக் கொட்டியதும் அடங்கிக் கிடந்தது மறுபடி விஷமாக மாறிவிட்டது. பிஹெச் ஒரு எண் ஏறினால் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். என் நூற்றைம்பது ரூபாய் மீட்டர் இதில் எதையும் காட்டாது, அது உப்பை மட்டும்தான் எண்ணும். அன்றிலிருந்து எவ்வளவு அழுக்கானாலும் ஒரு தடவைக்குக் கால்வாசிக்கு மேல் மாற்றுவதில்லை, குடத்தில் தண்ணீர் இல்லை என்றால் அன்று மாற்றுவதே இல்லை.

கூடவே ஒன்று. மீன் மேலே நின்றது என்று சொன்னதும் நாலு பேர் "ஒரு கை கல்லுப்பு போடு" என்றார்கள். எல்லா நோய்க்கும் கல்லுப்பு என்பது மீன் வளர்ப்பில் பாட்டி வைத்தியம். கோரிக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. மருந்தும் மற்ற மீனுக்குப் போடும் அளவில் பாதியிலிருந்து தொடங்குவதே பழக்கம். வலையில் பிடிப்பதும் வேண்டாம். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்பிலும் முள் இருக்கிறது, பயந்தால் விறைத்து நிறுத்திக்கொள்ளும், வலையில் மாட்டினால் எடுப்பதற்குள் மீனுக்கும் நமக்கும் போதும் போதும் என்றாகிவிடும். கையில் குத்தினால் குளவி கொட்டியது போலக் கடுக்கும். ஒரு டப்பாவால் மொண்டு எடுங்கள்.

ஐந்துக்கு மூன்று சேர்த்து எட்டாக்கினேன். போன வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. வெக்கை இறங்கியிருந்தது. வழக்கம்போலக் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன், வாளித் தண்ணீர் அன்று சில்லென்று இருந்தது. இரவு பத்து மணிக்கு தொட்டிக்குள் ஒரே ஓட்டம். பருத்த ஒன்றை மூன்று மெலிந்தவை விடாமல் பின்தொடர்ந்தன. பிறகு ஒரு ஆண் குறுக்கே நிற்க, பெண் அதன் வயிற்றோரம் வாயை வைத்து அப்படியே ஒட்டிக்கொண்டது, சுத்தியலும் பிடியும் போல. சில நொடி. விலகியதும் பெண் தன் அடித்துடுப்பு இரண்டையும் கைகுவித்தது போல மடக்கி, அதற்குள் இரண்டு மூன்று முட்டைகளைப் பொத்திக்கொண்டு கண்ணாடியைத் தேடிப் போனது. வாயால் ஓரிடத்தைச் சுத்தம் செய்து, வயிற்றை அழுத்தி ஒட்டியது. மறுபடி ஆணிடம். மழை வந்து ஆறு குளிர்ந்தால்தான் அவற்றின் ஊரிலும் இது நடக்கும். தருமபுரி மழையை அமேசான் மழை என்று நம்பிவிட்டன.

அந்த வாய் வைக்கும் வேலைக்கு என்ன அர்த்தம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-ல் எழுதியிருக்கிறார்கள், இதே வெண்கலக் கோரியை வைத்துத்தான். பெண் ஆணின் விந்தைக் குடிக்கிறது. அது குடல் வழியே சில நொடிகளில் கடந்து வந்து, துடுப்புக்குள் பொத்தியிருக்கும் முட்டைகளின் மேல் விழுகிறது. இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, அவள் பெரியவளான பிறகு இந்தப் பதிவைப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நள்ளிரவுக்குள் கண்ணாடியில் எழுபது முட்டைக்கு மேல் எண்ணினோம். விட்டுவைத்தால் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள். சாது மீன்தான், ஆனால் முட்டைக்கு அந்த விதி பொருந்தாது. விரலால் உருட்டி எடுத்தோம், ரப்பர் போலக் கெட்டியாக இருந்தன. ஐஸ்கிரீம் டப்பாவில் அதே தொட்டித் தண்ணீர், ஒரு காற்றுக் குழாய், பூஞ்சை பிடிக்காமலிருக்க மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பொறுக்கி வந்த நாட்டு வாதாம் இலை ஒன்று. நாலாம் நாள் பொரிந்தன. கண்ணும் வாலுமாக, கடுகுக்கு வால் முளைத்த மாதிரி. இரண்டு மூன்று நாள் வயிற்று மஞ்சளே உணவு, அதற்குப் பின் ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் வகையின் முட்டையை உப்புநீரில் பொரிக்கவைத்து, வடிகட்டி, காலை மாலை. தேறியது பத்தொன்பது. டப்பாவின் அடியில் ஒரு ஸ்பூன் மணல் போட்டிருந்தேன். அரை அங்குலம்கூட இல்லாத ஒன்று அதில் மூக்கை நுழைத்து, செவுள் வழியாக மூன்றோ நாலோ மணலை உதறியது. அலுவலகத்துக்கு அன்று தாமதம்.

போன மாதம் எதிர் வரிசை வீட்டுப் பையன் வந்தான். ஒன்பதாம் வகுப்பு. புதிதாகத் தொட்டி வாங்கியிருக்கிறான். "அங்கிள், ரெண்டு கிளீனர் மீனு குடுங்க அங்கிள், உங்ககிட்ட நிறைய இருக்குதாம்ல" என்றான். தொட்டி வாங்கி எத்தனை நாள் என்று கேட்டேன். அஞ்சு நாள். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். முகம் சுருங்கிப் போனான், வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

சரியாக முப்பத்திரண்டாம் நாள் வாளியோடு வந்து நின்றான். அடியில் என்ன போட்டிருக்கிறாய் என்றேன். "கலர் கல்லு அங்கிள், ப்ளூ."

ஆறு குட்டிகளை டப்பாவால் மொண்டு வாளியில் விட்டேன். பிறகு மாடிப்படிக்குக் கீழே இருந்த சிமென்ட் சாக்கை இழுத்தேன். கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. சித்தியின் சல்லடையையும் அதன்மேல் வைத்துக் கொடுத்தேன்.